பொனேர் தீவின் ‘டிரைவ் அண்ட் டைவ்’ பேக்கேஜ்: செட்டிநாட்டிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

கரீபியன் கடலில் படகுக்காகக் காத்திருக்காமல், வண்டியைக் கரையோரம் நிறுத்திவிட்டு நேராகக் கடலுக்குள் நடந்து இறங்கி ஸ்கூபா செய்ய வேண்டும் என்றால் முதலில் வரும் பெயர் பொனேர். அங்குள்ள விடுதிகள் விற்கும் ‘டிரைவ் அண்ட் டைவ்’ பேக்கேஜில் பெரும்பாலும் மூன்று விஷயம் சேர்ந்து வரும்: ஏழு இரவுக்கு அறை, ஒரு பிக்கப் டிரக், ஆறு நாளைக்கு எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் காற்று டேங்க். புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை ஸ்கூபாப் படிப்பை முடித்துவிட்டு அடுத்து எங்கே என்று பார்க்கும் காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு இது சரிப்படுமா?

சரிப்படும், ஒரு நிபந்தனையோடு. இந்தப் பேக்கேஜில் படகு கிடையாது, டேங்க் தூக்க ஆள் கிடையாது, கூடவே இறங்கும் வழிகாட்டியும் கிடையாது. அத்தனை வேலையும் உங்கள் தலையில். அதற்குத் தயாராகப் போனால் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். தயாராகாமல் போனவர்கள் இரண்டாம் நாளே படகு டைவுக்குத் தனியாகப் பணம் கட்டிக்கொண்டு நிற்பார்கள். டிரக் விடுதி வாசலில் வெயில் காயும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், நம் நாட்டில் டைவிங் சொல்லித்தரும் முறை. இங்கே பெரும்பாலும் படகிலிருந்துதான் இறக்குவார்கள். டேங்க்கிலிருந்து மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டரை மாட்டுவது, டேங்க்கைத் திறப்பது, மூழ்க உதவும் எடைப்பட்டை கட்டிவிடுவது எல்லாம் படகில் இருக்கும் தம்பிகள் பார்த்துக்கொள்வார்கள். கீழே வழிகாட்டியின் ஃபின்ஸை (காலில் மாட்டும் துடுப்பை) பார்த்துக்கொண்டே போனால் போதும், வழி தெரிய வேண்டியதில்லை. ஊரணியிலும் கிணற்றிலும் நீந்தி வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது, அது பெரிய லாபம். ஆனால் சொந்தமாகக் கருவி பூட்டுவது, திசைகாட்டி பார்த்துத் திரும்பி வருவது, எத்தனை கிலோ எடை தேவை என்று தானே சோதிப்பது, இந்த மூன்றும் கைப்பழக்கம் ஆகாமல் பொனேருக்கு டிக்கெட் போடாதீர்கள். உங்கள் பயிற்சியாளரிடம் சொல்லி, ஒவ்வொரு டைவுக்கும் நீங்களே பூட்டிக் கழற்றுங்கள். அட்வான்ஸ்டு சான்றிதழும் எடுத்துவிடுவது நல்லது. ஓப்பன் வாட்டர் வைத்திருந்தால் 18 மீட்டர்தான் எல்லை. அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொனேர் 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் தனி நகராட்சி. ஆனாலும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. கரீபியன் பகுதிக்கென்று தனி விசா உண்டு. ஷெங்கன் விசாவைக் காட்டி உள்ளே போய்விடலாம் என்று யாராவது சொன்னால், தூதரகத்தில் கேட்டு உறுதிசெய்யாமல் கிளம்ப வேண்டாம். அம்ஸ்டர்டாம் வழியாகப் போகலாம், அமெரிக்கா வழியாகவும் போகலாம். அமெரிக்க வழிக்கு அந்த நாட்டு விசா இருந்தே ஆக வேண்டும். பிள்ளைகள் ஹூஸ்டனிலோ நியூவார்க் பக்கமோ இருக்கிற குடும்பங்களுக்கு அங்கிருந்து நேரடி விமானம் உண்டு, வார இறுதியில். தீவின் நாணயம் அமெரிக்க டாலர். நுழைவு வரி பெரியவர்களுக்கு 75 டாலர். பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 10. கடலில் இறங்க இயற்கைக் கட்டணம் 40 டாலர். அதை வசூலிக்கும் ஸ்டினாபா என்ற அமைப்புதான் கடல் பூங்காவைப் பராமரிக்கிறது. இரண்டையும் ஊரிலிருந்தே இணையத்தில் கட்டிவிட்டு ரசீதை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கேஜ் விலையில் இவை சேர்ந்திருக்காது.

ஓட்டுநர் உரிமத்துக்கு: பரிவாகன் தளத்தில் 4ஏ படிவம், 1000 ரூபாய் கட்டணம், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி. ஓராண்டு செல்லும். அதோடு அசல் அட்டையையும் கொண்டுபோக வேண்டும். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். அண்ணன் ஓட்டத் தம்பி கார்டைத் தேய்ப்பது வாடகைக் கவுன்ட்டரில் நடக்காது. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதானால் இரண்டாவது பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இனி டிரக். அறை எப்படி இருக்கிறது என்பதைப் பத்து நிமிடம் விசாரித்தால், டிரக் எப்படி இருக்கிறது என்பதை அரை மணி நேரம் விசாரியுங்கள். உங்கள் படகு அதுதான்.

நான்கு பேர் என்றால் டபுள் கேபின். பின்பெட்டியில் டேங்க் நிறுத்தும் தாங்கி இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். தாங்கி இல்லாத பெட்டியில் டேங்க்கைப் படுக்கவைத்துக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் முதல் வளைவிலேயே உருண்டு வால்வில் அடிபடும். ரெகுலேட்டரைப் பின்பெட்டியில் போடவே போடாதீர்கள், மடியில் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. கியர் பெரும்பாலும் கையால் மாற்றுவதுதான். நமக்கு அது பழக்கம், ஆனால் வண்டி வலதுபக்கம் ஓடும், ஸ்டீயரிங் இடதுபக்கம், கியர் வலது கையில். நம்மூர்க் கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் வலதுகைப் பக்கம் இருப்பதால், திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஓடும். இது ஒரு நாளில் சரியாகிவிடும். சரியாக நேரம் எடுப்பது இடதுபக்கத் திருப்பம்: எதிர் வண்டியை விட்டுத் திரும்பி, வலது ஓரத்தில் போய்ச் சேர வேண்டும். ஆளில்லாத சாலையில்தான் கை தானாக இடது ஓரத்துக்கு இழுக்கும். பக்கத்தில் உட்கார்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் ‘வலது, வலது’ என்று சொல்லட்டும். முதல் நாள் அதை யாரும் தொந்தரவாக நினைக்க வேண்டாம்.

தீவில் போக்குவரத்து சிக்னல் ஒன்றுகூடக் கிடையாது. பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முதல் வழி. ஊருக்குள் 40 கிலோமீட்டர், வெளியே பலகை வேறாகச் சொல்லாத இடத்தில் 60. எதிரில் வருபவர் ஹெட்லைட்டை மினுக்கினால் ‘நீ போ’ என்று பொருள். நம் நெடுஞ்சாலையில் அதற்கு நேர்மாறு, ஆகவே இதைக் கட்டாயம் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கழுதைகளும் ஆடுகளும் சாலையில் நிற்கும். இருட்டில் கழுதையின் கண் மட்டும்தான் தெரியும். இரவு டைவ் முடித்துத் திரும்புகிறவர்கள் மெதுவாகத்தான் வர வேண்டும். தவுசண்ட் ஸ்டெப்ஸ் என்ற டைவ் இடத்தைத் தாண்டி வடக்கே கார்பாட்டாவுக்குப் போகும் கரைச்சாலை ஒருவழிப்பாதை ஆகிவிடும். இறங்கும் இடத்தைத் தவறவிட்டால் பின்னால் எடுக்க முடியாது. ரின்கோன் ஊரைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும்.

சாவி வாங்கும் முன் ஸ்டெப்னியைக் கீழே இறக்கிப் பாருங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர் இருக்கிறதா, ஸ்பேனர் அந்தச் சக்கரத்து நட்டில் உட்காருகிறதா என்று பாருங்கள். இங்கே பஞ்சர் அபூர்வமான சங்கதி இல்லை. சிவகங்கைச் சீமையின் கண்மாய்களை அடைத்துக் கிடக்கும் சீமைக்கருவேலத்துக்குப் பொனேர் சொந்த மண், ‘குயிஹி’ என்கிறார்கள். அந்த முள்ளோடு கரையோரச் சுண்ணப்பாறையின் கூர்முனையும் சேர்ந்துகொள்ளும். டயர், அடிப்பாகம், கண்ணாடி இந்த மூன்றுக்கும் காப்பீடு பொருந்துமா என்று ஒப்பந்தத்தில் விரல் வைத்துக் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் அவைதான் விலக்கப்பட்டிருக்கும்.

பூட்டு விஷயம் நம் ஆட்களுக்கு உறுத்தும். கரையில் டிரக்கை நிறுத்தினால் கதவைப் பூட்டக் கூடாது, கண்ணாடியை இறக்கிவிட வேண்டும், உள்ளே விலையுள்ள எதுவும் இருக்கக் கூடாது. பூட்டிய வண்டியில் ஏதோ இருக்கிறது என்று கண்ணாடியை உடைப்பார்கள், திறந்து கிடந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பாஸ்போர்ட், நகை, ஃபோன் எல்லாம் விடுதிப் பெட்டகத்தில். உரிமத்தின் நகல், குடிதண்ணீர், ஒரு பழைய துண்டு, இவ்வளவுதான் வண்டியில். சாவியை மட்டும் உங்களோடு கடலுக்குள் கொண்டுபோக வேண்டும் என்பதால், ரிமோட் பட்டன் இல்லாத வெறும் சாவியாகக் கேட்டு வாங்கி, பி.சி.டி. எனும் காற்றடைக்கும் மிதவைச் சட்டையில் உள்ள பையின் உள்வளையத்தில் கொக்கியால் மாட்டிக்கொள்ளுங்கள். வெறுமனே பைக்குள் போட்டால் வெயிட்டை எடுக்கும்போது சாவியும் சேர்ந்து வெளியே வரும்.

டேங்க் எடுக்கும் கடைகளில் வண்டியை நேராக உள்ளே ஓட்டிக்கொண்டு போய், காலி டேங்க்கை இறக்கி, நிறைந்ததை ஏற்றிக்கொண்டு போகலாம். இந்த ஏற்பாட்டுக்கு முழு மதிப்பெண் தரலாம். அவசரமே இல்லை, யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அங்கேயே, நிழலில் நின்று, இரண்டு சோதனை செய்துவிட வேண்டும். அழுத்தமானியைப் பிடித்து 200 பார் (டேங்க்கின் அழுத்தத்தை அளக்கும் அலகு) அருகே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வால்வின் முகப்பில் உள்ள ஓ-ரிங்கை விரல் நுனியால் தடவிப் பாருங்கள்: வெடிப்பு, தட்டையானது, மணல் ஒட்டியது எதுவும் ஆகாது. ரெகுலேட்டரைத் திருகாணியால் இறுக்கிப் பிடிக்கும் யோக் வகை வால்வுக்கு 014 அளவு ஓ-ரிங். அரை டஜன் வாங்கி, ஒரு பல்குத்தியோடு சின்ன டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தெற்குக் கரையில், கடையிலிருந்து பதினைந்து நிமிடத் தூரத்தில், டேங்க்கைத் திறந்ததும் ‘உஸ்’ என்று சீறும்போது, அந்த டப்பா இருந்தால் டைவ் உண்டு, இல்லாவிட்டால் திரும்பி ஓட வேண்டியதுதான்.

நைட்ராக்ஸ், அதாவது ஆக்ஸிஜன் கூட்டிய காற்று, இலவசமாகச் சேர்ந்து வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், தனிப் பணம் கேட்டால் முதல் பயணத்தில் வேண்டாம் என்பேன். 32 சதவீத நைட்ராக்ஸ் கொடுக்கும் லாபம், ஆழத்தில் அதிக நேரம் இருக்க முடிவது. புதியவர்களுக்கோ அந்த நேரம் வருவதற்கு முன்பே காற்று தீர்ந்துவிடும். கணக்குப் பாருங்கள்: வழக்கமான அலுமினிய டேங்க் 11.1 லிட்டர், 200 பாரில் 50 பார் மிச்சம் வைத்தால் செலவழிக்க 1665 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 12 மீட்டர் ஆழத்தில் 44 லிட்டர் செலவழிப்பார், 38 நிமிடம் வரும். 20 மீட்டரில் 28 நிமிடம்கூட முழுசாக வராது. நைட்ராக்ஸ் எடுக்கிறவர்கள் ஆக்ஸிஜன் சதவீதத்தைத் தாங்களே அளந்து டேங்க்கில் எழுத வேண்டும். 32 சதவீதத்துக்கு 33 மீட்டர்தான் எல்லை.

முதல் டைவ் விடுதியின் சொந்தக் கரையில்தான். பூங்கா விதிகளைச் சொல்லித்தரும் கூட்டமும் ஒரு சோதனை டைவும் கட்டாயம், யாருக்கும் விலக்கில்லை. இதை வெறும் சடங்காக நினைத்து அவசரப்பட வேண்டாம். எடை சரிபார்க்கக் கிடைக்கும் நல்ல சந்தர்ப்பம் இதுதான். நீச்சல்குளத்தில் போட்ட கணக்கு உப்புநீரில் செல்லாது, இரண்டு மூன்று கிலோ கூடும். அலுமினிய டேங்க் காலியாகக் காலியாக மிதக்கத் தொடங்கும். ஆகவே 50 பாரில், 5 மீட்டரில், பி.சி.டி.யில் காற்றே இல்லாமல் நிற்க முடிகிறதா என்று டைவின் கடைசியில் பாருங்கள். தண்ணீர் 26 முதல் 29 டிகிரி. 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும். கையுறைக்குத் தடை. ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2021 முதல் தடை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் அந்தத் தலைவலியே இல்லை.

கரையிலிருந்து இறங்குவதில்தான் பலர் அடிபடுகிறார்கள். கரைப்பாறை புதிதாகக் கொத்திய அம்மியைவிடக் கூரானது, அதன்மேல் பாசி. செருப்போடு சேர்ந்த முழுக்கால் ஃபின்ஸ் இங்கே உதவாது. கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸும், குதிகால் திறந்த, பட்டை வைத்த ஃபின்ஸும் வேண்டும். பின்பலகையை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தே கருவியை மாட்டிக்கொள்ளலாம், குனிந்து தூக்க வேண்டாம். பி.சி.டி.யில் பாதி காற்று, மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், ஃபின்ஸ் கையில். துணைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். அலைகள் கூட்டமாக வரும், நடுவில் ஓர் அமைதி இருக்கும், அதில் போங்கள். இடுப்பளவு வந்ததும் மல்லாந்து மிதந்து ஃபின்ஸை மாட்டுங்கள். வெளியே வரும்போதும் இதே வரிசை தலைகீழாக. முழங்கால் ஆழத்தில் எழுந்து நிற்கத் தடுமாறினால் தவழ்ந்தே வந்துவிடலாம், பார்ப்பவர்கள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

உள்ளே போனதும் மணல் மேடை, அதன் விளிம்பில் எட்டுப் பத்து மீட்டரில் பவளப்பார் தொடங்கிக் கீழே 30 மீட்டருக்கும் மேல் சரியும். விளிம்புக்கு வந்ததும் நின்று திரும்பிப் பாருங்கள். நீங்கள் வந்த கோட்டில் என்ன இருக்கிறது? மிதவை கட்டிய கல்லா, பெரிய மூளைப்பவளமா, மணல் திட்டா? அதை இருவரும் விரலால் காட்டி ஒப்புக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் போய்த்தான் பலர் நூறு மீட்டர் தள்ளி, கரையேறவே முடியாத பாறையில் தலையைத் தூக்குகிறார்கள். மிதவைக் கயிறு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம், நீரோட்டத்தை எதிர்த்துத்தான் முதலில் நீந்த வேண்டும். 130 பாரில் திரும்பினால் சுமார் 70 பாரில் அடையாளத்துக்கு வந்து சேரலாம். பிறகு மேடைமேல் 5 மீட்டரிலேயே கரையை நோக்கி வந்தால், மேலே வருமுன் சில நிமிடம் 5 மீட்டரில் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தமும் வழியிலேயே முடிந்துவிடும்.

சாலையோரம் பெயர் எழுதிய மஞ்சள் கல்தான் டைவ் இடத்துக்கு அடையாளம். முதல் வாரத்துக்கு நான் சொல்லும் வரிசை: பாரி ரீஃப், பிறகு தெற்கே ஏஞ்சல் சிட்டி, பிறகு சால்ட் பியர். சால்ட் பியர் உப்பு ஏற்றும் துறை. தூண்களின் மேல் பஞ்சுயிரிகளும் பவளமும் அப்பிக்கிடக்க, இடையில் மீன் கூட்டம் நிழலாக நிற்கும். ஆழமும் குறைவு, ஓப்பன் வாட்டர்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்த இடம். கப்பல் கட்டியிருந்தால் இறங்கக் கூடாது, காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஹில்மா ஹூக்கர் 1984-ல் மூழ்கிய, 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். கஞ்சாவோடு பிடிபட்ட கப்பல் அது. ஒருக்களித்துக் கிடக்கிறது, மேற்பக்கம் 18 மீட்டர், அடி 30 மீட்டர். அட்வான்ஸ்டு இல்லாமல் வேண்டாம். இருந்தாலும் உள்ளே நுழைய வேண்டாம். தவுசண்ட் ஸ்டெப்ஸில் படி அறுபத்துச் சொச்சம்தான், டேங்க்கோடு ஏறும்போது பெயர் சரி என்று தோன்றும். அதை நான்காம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தென்கோடியில் ரெட் ஸ்லேவ் பக்கம் நீரோட்டம் கடுமை, முதல் பயணத்தில் தொடவே வேண்டாம். பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை அங்கே இருப்பீர்களானால், இருட்டிய முக்கால் மணி நேரத்தில் டார்ச்சை அணைத்துவிட்டு மேடைமேல் நில்லுங்கள். ஆஸ்ட்ரகாட் என்ற சின்ன உயிர்கள் நீலப் புள்ளிகளை வரிசை வரிசையாகத் தொடுக்கும். பயணத் தேதியைப் பஞ்சாங்கம் பார்த்துப் போட இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பவளத் திசுவை அழிக்கும் நோய் 2023-ல் இங்கே வந்து சேர்ந்தது. மூளைப்பவளங்கள் வெள்ளெலும்பாக நிற்பதைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். மீன் வளம் அசத்துகிறது; பவளமும் பழைய படங்களில் இருப்பதுபோலவே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். டைவ் கடைகளில் இருக்கும் கிருமிநாசினித் தொட்டியில் கருவிகளை முக்கி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துவிட்டுத்தான் அடுத்த இடம். உங்கள் வெட்சூட்டிலேயே நோய் ஏறிப் போகக் கூடாது.

கடலில் இறங்காத ஆச்சிமார்களை அழைத்துப் போவதானால் சமையலறை உள்ள அறையாக எடுங்கள். மின்சாரம் 127 வோல்ட், அமெரிக்க வகைப் பிளக். நம் மிக்ஸியும் ரைஸ் குக்கரும் அங்கே வேலைக்கு ஆகாது. ஃபோன், டார்ச் சார்ஜர்கள் ஓடும். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோனால் சைவத்துக்குக் கவலையில்லை. அசைவக்காரர்களுக்கு ரின்கோனில் ஆட்டுக்கறி ஸ்டோபா, நிதானமாக வேகவைத்த நல்ல குழம்பு. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், கடல்நீரைச் சுத்திகரித்துத் தருகிறார்கள். கிழக்கே சோரோபோனில் இடுப்பளவுத் தண்ணீர் அமைதியாக இருக்கும், பெரியவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம்.

நம் பள்ளிக்கூடக் கோடை விடுமுறை பொனேருக்குத் தோதானது. கீழைக்காற்று ஆண்டு முழுவதும் அடிக்கும், மேற்குக் கரை மறைவில் அமைதியாக இருக்கும். புயல்களின் முக்கியப் பாதைக்குத் தெற்கே இருப்பதால் அந்தப் பயமும் குறைவு. அக்டோபர் முதல் ஜனவரி வரை மழை, காற்று திசைமாறும் நாட்களில் மேற்குக் கரையிலேயே அலை ஏறும். பொங்கல் விடுமுறைக்குப் போனால் கூட்டமும் விலையும் உச்சம்.

ஸ்கூபாவை விலக்கி எழுதிய பயணக் காப்பீடு ஏராளம். டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் போன்ற தனிக் காப்பீடு எடுங்கள். தீவின் தலைநகரான கிராலெண்டைக்கில், டைவ் கோளாறுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கிறது, ஆனால் பில்லை நீங்கள்தான் கட்ட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவப் படிவத்தை மறைக்காமல் நிரப்பி, ஊரிலேயே மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

டைவ் செய்த உடம்போடு உயரே போவது ஆபத்து என்பதால், விமானத்துக்கு முந்தைய 24 மணி நேரம் டைவ் கூடாது. அந்த நாளுக்குத்தான் டிரக்கின் இன்னொரு பயன்: வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்கா. உள்ளே மண்பாதை, கார் தாங்காது, டிரக் தாங்கும். இயற்கைக் கட்டண ரசீதும் அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் தாமதமாகப் போனால் விடமாட்டார்கள். தீவின் உச்சியான பிராண்டாரிஸ் குன்றே 241 மீட்டர்தான், ஆகவே டைவ் செய்த உடம்போடு மேட்டில் ஏறுவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். திரும்பும் வழியில் கடைக்குப் போய் டேங்க்குகளை எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். குறையும் டேங்க்குக்கான தொகையை உங்கள் கார்டிலிருந்துதான் பிடிப்பார்கள்.